மறைகதவும் மறக்கப்பட்ட வரலாறும்

கலைப்படைப்பொன்றின் உருவமும் உள்ளடக்கமும் எவ்வாறு ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன என்ற வினா நமது இலக்கிய மேடைகளில் அடிக்கடி எழுப்பப்படுவதாகும். கவிதையையும் நாவலையும் முன்வைத்தே அவ்விவாதம் நடைபெறுவது வழக்கம். ஆயின், மனிதர் கூடி மகிழும் இடங்களுக்கும் உருவம் உண்டு. அவ்வுருவம் தோன்றியதற்குச் சமுதாயக் காரணம் உண்டு. காரணம் மறைந்த பின்னரும் உருவம் மட்டும் எஞ்சி நின்று விலைபோதலும் உண்டு. இதனைத் தெளிவுறக் காட்டவல்ல உதாரணமொன்றை நாம் ஒரு மதுச்சாலையின் கதவிலே காண்கிறோம். இலக்கிய ஏட்டிலே மதுச்சாலைக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் முகஞ் சுளிக்கலாம். பண்பாடு நூல்நிலையத்துள் மாத்திரம் அடங்கிக் கிடப்பதொன்றன்று என்பதே அவர்களுக்கு நாம் கூறக்கூடிய விடை.

நியூயோர்க் மாநகரின் செயின்ற் மார்க்ஸ் பிளேஸ் என்னும் தெருவிலே, சொசேஜ் வைத்த பாண் விற்கும் சிறு கடையொன்று உள்ளது. கடையின் ஒரு பக்கத்திலே பழைய பாணியிலான தொலைபேசிக் கூண்டு. அதனுட் புகுந்து தொலைபேசியை எடுத்துத் தம் வரவை அறிவித்தால், கூண்டின் சுவரே கதவாகத் திறக்கும். அப்பால் மங்கிய விளக்கொளியில் ஒரு மதுச்சாலை. 2007இல் தொடங்கப்பெற்ற இதன் பெயர் 'பீ. டி. ரீ.' என்பது. 'தயவுசெய்து சொல்லாதே' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. இதற்கு ஏழாண்டுகள் முன்னதாகவே, அதே நகரின் எல்ட்ரிஜ் தெருவில், சாஷா பெற்றாஸ்கி என்பார் 'மில்க் அன்ட் ஹனி' என்ற மதுச்சாலையைப் பெயர்ப்பலகையற்ற கதவொன்றின் பின்னே நடத்தத் தொடங்கியிருந்தார். இவ்விரண்டையும் முன்மாதிரியாகக் கொண்டு எழுந்தவை இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றிலும் உள. ஓரிடத்தில் புத்தக அலுமாரி கதவாகும்; இன்னோரிடத்தில் குளிர்சாதனப் பெட்டி கதவாகும்; வேறோரிடத்தில் சிகையலங்கார நிலையத்தின் நிலைக்கண்ணாடி கதவாகும். உள்ளே வெல்வெட் இருக்கைகள், அளந்து கலந்த கொக்டெயில் மது, ஒரு மூலையில் இசைத்தட்டுகளை இயக்கி இசை வழங்கும் 'டீஜே'. இவ்விடங்களை 'ஸ்பீக்ஈஸி' என்று அழைக்கின்றனர். மெல்லப் பேசு என்பது அச்சொல்லின் பொருள்.

இன்று நியூயோர்க்கில் மது விற்பதற்கு உரிய அனுமதிப்பத்திரம் பெற்ற எவரும் பட்டப்பகலில் பலகை தொங்கவிட்டு விற்கலாம். மெல்லப் பேசவேண்டிய தேவை எவருக்கும் இல்லை. அவ்வாறாயின் இக்கதவு எதை மறைக்கின்றது? யாரிடமிருந்து மறைக்கின்றது? இவ்வினாவுக்கு விடை காணவேண்டுமாயின், அக்கதவு உண்மையாகவே மறைகதவாக இருந்த காலத்தை நோக்குதல் அவசியமாகும்.

அமெரிக்க அரசியலமைப்பின் 18ஆவது திருத்தத்தின்படி 1920 ஜனவரி 17ஆம் திகதி மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது; 1933 டிசம்பர் 5ஆம் திகதி நீக்கப்பட்டது. குடியினாற் சீரழிந்த குடும்பங்களின் துயர்கண்டு கொதித்தெழுந்த பெண்கள் இயக்கங்களின் நேர்மையான உழைப்பு அச்சட்டத்தின் பின்னே இருந்தது. ஆயின், தொழிற்சாலைக்குத் தெளிந்த கண்ணுடன் வரும் தொழிலாளியை வேண்டிய ஹென்றி போர்ட் போன்ற முதலாளிகளும், குடியேறிய மக்கள்மீது வெறுப்பை வளர்த்த கூ குளுக்ஸ் கிளான் கூட்டத்தினரும் அதே சட்டத்தை ஆதரித்து நின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. சட்டத்தின் வாசகமே வர்க்கச் சார்புடையதாக அமைந்தது. மதுவைத் தயாரித்தல், விற்றல், கொண்டுசெல்லல் ஆகியன குற்றமாயின, அருந்துதல் குற்றமாகவில்லை. சட்டம் நடைமுறைக்கு வருமுன் வாங்கித் தம் மாளிகையின் நிலவறையிற் சேமித்து வைத்தவர்கள், அங்கிருந்தவாறே ஆண்டுக்கணக்கில் அருந்துவதற்கு எவ்வகைத் தடையும் இருக்கவில்லை. நிலவறையும் முன்பணமும் இல்லாதவனுக்கே சட்டம் பொருந்திற்று. அவனுக்குக் கிடைத்ததோ கள்ளச்சந்தை மது. கைத்தொழிலுக்கான மதுசாரத்தில் மெதனோல் முதலிய நச்சுப் பொருள்களைக் கலக்குமாறு அரசே விதித்திருந்தது. அது திருட்டு வழிகளாற் குடிகலங்களை வந்தடைந்து பலரின் கண்ணொளியையும் உயிரையும் பறித்தது.

மறைகதவின் இரு முகங்களை அக்காலத்திலேயே காணலாம். 52ஆம் தெருவில் 1930இல் தொடங்கிய '21' என்னும் விடுதியிலே, பொலிஸார் வரும்போது நெம்புகோலை இழுத்தாற் போதும். தட்டுகள் சரிந்து போத்தல்கள் யாவும் உடைந்து கீழ்க்குழியில் விழும். நிலவறையின் செங்கற் சுவரிலே ஒரு சிறு துளை. மெல்லிய கம்பியை அதனுட் செலுத்தினால் சுவரின் ஒரு பகுதியே பெருங்கதவாகத் திறக்கும். பொறியியலாளரின் திறமைக்கு விலைகொடுக்க வல்லவர்களின் மறைவு அது. அதே காலப்பகுதியில், 1928இல், மிச்சிகன் மாநிலத்திலே பத்துப் பிள்ளைகளின் தாயொருத்தி சிறிதளவு மது விற்றாள் என்பதற்காக, அது அவளது நான்காவது குற்றம் என்று காட்டி, ஆயுட்சிறை விதித்தது நீதிமன்றம். அவளுடைய வீட்டில் மறைகதவு இருக்கவில்லை. இன்றைய ஸ்பீக்ஈஸிகள் அக்காலத்தின் ஒப்பனையை எடுத்துக்கொள்ளும்போது, '21' விடுதியின் சுவரை நினைவில் வைத்து அத்தாயின் வீட்டை மறந்துவிடுகின்றன.

இனி, அக்காலத்து ஹார்லெமை நோக்குவோம். லெனொக்ஸ் அவெனியூவில் கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜோன்சன் 1920இல் நடத்திய களியாட்ட மன்றத்தை, ஓனி மாடன் என்னும் வெள்ளையினக் கள்ளச்சாராயத் தலைவன் 1923இல் தன்வசமாக்கி 'கொட்டன் கிளப்' எனப் பெயரிட்டான். மேடையில் ஆடியோரும் பாடியோரும் கறுப்பினத்தவர். உணவு பரிமாறியோரும் கறுப்பினத்தவர். மேசையைச் சுற்றி அமர உரித்துடையோர் வெள்ளையர். தென்னாட்டுப் பருத்தித் தோட்டத்தை நினைவூட்டும் வகையில் அரங்கம் அலங்கரிக்கப்பட்டிருந்தது. 1927 முதல் 1931 வரை டியூக் எலிங்டன் தமது இசைக்குழுவுடன் அங்கு வாசித்தார். வானொலி அவ்விசையை நாடெங்கும் பரப்பியது. இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் இசையாளர்களுள் ஒருவர் வாசித்த அறைக்குள், அவருடைய இனத்தைச் சேர்ந்த அயலவன் நுழைந்து கேட்க இயலாதிருந்தது. இதனை வெறும் முரணென்று கூறி அமைந்துவிடுதல் போதாது. கலைஞனின் உழைப்பு ஒரு பக்கத்திலும் அவ்வுழைப்பின் பயன் மறுபக்கத்திலுமாகப் பிரிந்து நிற்கும் அமைப்பின் கண்கூடான வடிவம் அது.

அப்பிரிவுக்குள் ஒடுங்கிவிடாது மக்கள் தமக்கென ஒரு வழியைக் கண்டனர். ஹார்லெமிலே வீட்டு வாடகை ஏனைய பகுதிகளை விட அதிகம். கறுப்பினத்தவரின் கூலியோ குறைவு. மாத முடிவில் வாடகை கட்ட வழியற்ற குடும்பத்தினர், தளபாடங்களை ஒதுக்கிவிட்டு, சிறு அட்டைகளை அச்சிட்டு அயலிலே வழங்கினர். சில சதங்கள் கொடுத்து உள்ளே வந்தால் சமைத்த உணவும், களவாக வடித்த மதுவும், விடியும் வரை பியானோ இசையும் கிடைக்கும். பாற்ஸ் வாலர், ஜேம்ஸ் பீ. ஜோன்சன் போன்ற மேதைகள் இத்தகைய வாடகை விருந்துகளில் வாசித்தவர்களே. கவிஞர் லாங்ஸ்ரன் ஹியூஸ் அவ்வட்டைகளைத் தேடிச் சேகரித்து வைத்தார். 1940இல் வெளிவந்த தமது தன்வரலாற்றிலே, வெள்ளையர் பெருகி வந்த விடுதிகளை விட அவ்வீடுகளின் களிப்பே தமக்கு உவப்பானதென்று எழுதினார். மக்கள் கவிஞரொருவர் எங்கே தமது செவியைச் சாய்த்தார் என்பதற்கு இது சான்றாகும். அவ்வீட்டுக் கதவும் மூடியே இருந்தது. அதற்குப் பொலிஸாரும் வீட்டுச் சொந்தக்காரனும் காரணமாயினர். அயலவனை வெளியே நிறுத்துவதற்காக அது மூடப்படவில்லை. அட்டை அவனுக்காகவே அச்சிடப்பட்டது.

மதுவிலக்கு நீங்கிய பின்னரும் நியூயோர்க்கின் இரவு சுதந்திரம் பெறவில்லை. 1926ஆம் ஆண்டின் கபரே சட்டம் அனுமதிப்பத்திரமின்றிப் பொதுவிடுதியில் மக்கள் நடனமாடுவதைத் தடைசெய்தது. 1940 முதல் 1967 வரை விடுதிகளில் வாசிப்போர் ஒவ்வொருவரும் பொலிஸார் வழங்கும் அட்டையைப் பெற்றிருத்தல் வேண்டும். அவ்வட்டையை இழந்தமையால் பில்லி ஹொலிடே 1947 முதல் அந்நகரின் விடுதிகளிற் பாட இயலாதவரானார். தெலோனியஸ் மங்க் 1951 முதல் 1957 வரை அவ்வாறே வாய்மூட நேர்ந்தது. நடனத்துக்கு அனுமதி கோரிய அச்சட்டம் 2017இலேயே நீக்கப்பெற்றது. தன்பாலுறவாளருக்கோ மது பரிமாறுதலே ஒழுங்கீனமெனக் கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. ஆதலின் அவர்கள் கூடிய இடங்கள் குற்றக் கும்பல்களின் கையிற் சிக்கின. கிறிஸ்தோபர் தெருவிலிருந்த ஸ்ரோன்வோல் விடுதியின் கதவிலே பார்வைத் துளையொன்று இருந்தது; உள்ளே கோப்பை கழுவுவதற்குக் குழாய்நீர்கூட இருக்கவில்லை. 1969 ஜூன் 28 அதிகாலையில் பொலிஸார் அதனுட் புகுந்தபோது மக்கள் கலைந்தோட மறுத்துத் தெருவிலே நின்று எதிர்த்தனர். மறைவிலே வாழ நிர்ப்பந்திக்கப்பட்டவர்கள் மறைவைத் தாமாக விரும்பினார்களல்லர் என்பதை அவ்விரவு உலகுக்கு உணர்த்திற்று.

இன்று மறைவு மதுச்சாலைகளில் ஒலிக்கும் இசையின் பிறப்பும் இவ்வரலாற்றினுள்ளேயே அடங்கும். டீஜே என்பவன் பிறர் பாடிய தட்டைச் சுழலவிடுபவன்தானே, அவனிடத்திற் கலையேது என்று கேட்போர் நம்மிடையே உளர். 1973 ஆகஸ்ட் 11ஆம் திகதி, பிறொங்ஸ் பகுதியில் செட்விக் அவெனியூ 1520ஆம் இலக்கக் குடியிருப்புக் கட்டடத்தின் பொது அறையிலே, கூல் ஹேர்க் என அறியப்பட்ட ஜமெய்க்காவிற் பிறந்த இளைஞர் தம் தங்கையின் விருந்துக்காகத் தட்டுகளை இயக்கினார். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம். பாடலிலே குரல் ஓய்ந்து தாளவாத்தியம் தனித்தொலிக்கும் சில கணங்களில் ஆடுவோர் மிகுந்த ஊக்கங் கொள்வதை அவர் அவதானித்தார். ஒரே தட்டின் இரு பிரதிகளை இரு சுழலிகளில் வைத்து, ஒன்றில் அப்பகுதி முடியும்போது மற்றையதில் அதனையே மீண்டும் தொடங்கி, சில கணங்களைப் பல நிமிடங்களாக நீட்டும் முறையை உருவாக்கினார். ஹிப்ஹொப் இசையின் அத்திவாரம் அதுவே. வாத்தியம் வாங்க வசதியற்ற இளைஞர், சந்தை தமக்கு விற்ற பண்டத்தையே வாத்தியமாக மாற்றிக்கொண்ட செயல் இது. இதனைக் கலையன்றென்பார், கலை உழைப்பினின்றும் பிறப்பதென்பதை மறுப்பவராவர்.

இன்னொரு கிளையையும் குறிப்பிடுதல் வேண்டும். டேவிட் மன்குசோ என்பார் 1970இல் பிறோட்வேயிலிருந்த தமது இல்லத்திலே 'லொவ்ற்' என வழங்கப்பட்ட நடன விருந்துகளைத் தொடங்கினார். அழைப்பு உடையவர்க்கே அனுமதி. வந்தோரிற் பெரும்பாலார் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், தன்பாலுறவாளர். அங்கே மது விற்கப்படவில்லை. கிங் தெருவில் வாகனத் தரிப்பிடமாக இருந்த கட்டடத்தில் 1977 முதல் 1987 வரை நடந்த 'பரடைஸ் கராஜ்' மன்றத்திலே லாரி லெவன் இசை வழங்கினார். அங்கும் மது விற்கப்படவில்லை. சிக்காகோவின் 'வெயர்ஹவுஸ்' மன்றத்தில் 1977 முதல் பிராங்கி நக்கிள்ஸ் வழங்கிய இசைக்கு, அம்மன்றத்தின் பெயரின் பிற்பகுதியே 'ஹவுஸ்' என்று பெயராக வாய்த்தது. இன்று மது விற்பனையின் துணைக்கருவியாகிவிட்ட டீஜே கலை, மது விற்காத இடங்களிலே முதிர்ச்சி பெற்றதென்பது எவ்வளவு பொருள் பொதிந்த உண்மை! அவ்விடங்களில் ஆடுவோரின் உடலசைவைப் பார்த்து அடுத்த தட்டைத் தேர்ந்தான் இசைப்போன். அவன் தேர்ந்த தட்டுக்கு அவர்கள் ஆட்டத்தால் மறுமொழி கூறினர். இருவரும் கூடி ஆக்கிய கூட்டுப்படைப்பு அது. அக்கூட்டம் பலருக்கு வெறுப்பூட்டியது. 1979 ஜூலை 12ஆம் திகதி சிக்காகோவின் விளையாட்டரங்கொன்றில் டிஸ்கோ இசைத்தட்டுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. டிஸ்கோவுடன் தொடர்பேயற்ற கறுப்பினப் பாடகரின் தட்டுகளும் அங்கு கொண்டுவரப்பட்டன என்று, அன்று அங்கே பணியாற்றிய கறுப்பின இளைஞரொருவர் பின்னர் கூறியுள்ளார்.

இப்பின்னணியில் வைத்து நோக்குமிடத்து இன்றைய மறைவு மதுச்சாலையின் இயல்பு தெளிவாகும். வாடகை விருந்தின் கதவும், ஸ்ரோன்வோலின் பார்வைத் துளையும், லொவ்ற்றின் அழைப்பட்டையும் தேவையிற் பிறந்தவை. அதிகாரத்திடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள வேண்டியவர்களின் கருவிகள் அவை. தொலைபேசிக் கூண்டும் புத்தக அலுமாரியும் அவ்வுருவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, திசையை மாற்றிவிட்டன. முன்னர் அதிகாரம் வெளியிலும் அஞ்சியோர் உள்ளேயும் இருந்தனர். இன்று வசதியுடையோர் உள்ளே. கடந்துபோகும் சாதாரண மனிதன் வெளியே. மறைவு விலைக்குரிய பண்டமாகிவிட்டது. 'மில்க் அன்ட் ஹனி' 2002இல் லண்டனின் சோஹோவில் கிளை திறந்தபோது, அது உறுப்பினர் சந்தாவுடன் கூடிய மன்றமாக அமைந்தமை தற்செயலன்று.

இசைக்கும் இதே கதி நேர்ந்துள்ளது. பேச்சுக்கு இடையூறாகாத அளவில், வெல்வெட்டின் நிறத்துக்கும் விளக்கின் மங்கலுக்கும் இயைந்த மற்றோர் அலங்காரமாக அது ஒலிக்கின்றது. ஆடுவோர் இல்லாதவிடத்து இசைப்போன் யாரைப் பார்த்து அடுத்த தட்டைத் தேர்வான்? உரையாடலின் ஒரு பாதி வெட்டப்பட்டு மற்றைப் பாதி மட்டும் சுவரோரத்தில் நிறுத்தப்பட்டிருக்கின்றது. உள்ளடக்கத்தை இழந்த உருவம் நயமிகுந்ததாக இருக்கலாம், அது வளரமாட்டாது. யாப்பைப் பிழையறக் கற்றுச் சொல்ல எதுவுமின்றிப் பாடும் புலவனுக்கும் இவ்விடத்துக்கும் வேற்றுமை சொற்பமே.

ஆயினும், நியாயமான திறனாய்வு குறைகளோடு நின்றுவிடலாகாது. பெற்றாஸ்கி தொடங்கிய முயற்சியில் நாம் மதிக்கத்தக்க அம்சங்கள் உள. அயலிலே குடியிருப்போரின் அமைதி கெடாதிருத்தலும் அவர் தம் கதவைப் பலகையின்றி வைத்ததற்கு ஒரு காரணமாயிற்று. அவர் வகுத்த விதிகளின்படி, அங்கு வரும் ஆண், அறிமுகமற்ற பெண்ணிடம் தானாகச் சென்று பேசலாகாது. தனியே வரும் பெண் தொல்லையின்றி அமர்ந்திருக்கக்கூடிய மதுச்சாலை அருமையாகவே காணப்படும் உலகில் இவ்விதி அற்பமானதன்று. மதுவை அளந்து கலத்தல், பனிக்கட்டியைச் சீராக வெட்டுதல் என்பனவற்றில் அவர் காட்டிய சிரத்தை, அவசர உற்பத்தி யுகத்திலே மறைந்துகொண்டிருந்த கைவினைத் திறனுக்கு மதிப்பளித்தது. அவரைப் பின்பற்றியோரிற் பலர் காரணத்தை விட்டுக் கதவை மட்டும் பெற்றுக்கொண்டனர்.

கைவினையைப் போற்றுவோர் கைவினைஞரின் கூலியையும் நோக்குதல் வேண்டும். வாடிக்கையாளரின் அன்பளிப்பை நம்பிப் பணிபுரிவோருக்கு முதலாளி நேரடியாக வழங்கவேண்டிய ஆகக்குறைந்த கூலியை அமெரிக்க மத்திய சட்டம் மணிக்கு 2.13 டொலராக 1991இல் நிர்ணயித்தது. அத்தொகை மூன்று தசாப்தங்களுக்கு மேலாக உயர்த்தப்படவில்லை. நியூயோர்க் உட்படச் சில மாநிலங்கள் இதனிலும் கூடிய தொகையை விதித்துள்ளன என்பது உண்மையே. எனினும், ஒரு நாட்டின் சட்டம் தன் இரவுத் தொழிலாளியை விருந்தினரின் மனநிலைக்கு அடைக்கலமாக விட்டிருத்தல், வெல்வெட் இருக்கைகளின் அடியில் மறைக்கப்பட்டுள்ள மற்றோர் உண்மையாகும். அவ்விடத்தில் எல்லாவற்றினும் நன்றாக மறைக்கப்பட்டிருப்பது கதவன்று, கூலியே என்று நாம் கருதுகிறோம்.

இத்தகைய இடங்களைக் குறித்து முற்போக்காளரிடையே இருவகை மனப்பாங்குகள் நிலவுகின்றன. களியாட்டம் யாவும் சீரழிவே என்று ஒதுக்கிவிடுவது ஒன்று. அது ஒழுக்க உபதேசமாக முடியுமேயன்றி ஆய்வாகாது. ஹென்றி போர்ட்டும் அவ்வாறே உபதேசித்தார் என்பதை மறத்தலாகாது. நாகரிகத்தின் வளர்ச்சி இதுவென வியந்து ஏற்பது மற்றையது. அது பண்டத்தின் பளபளப்பிலே உழைப்பின் சுவட்டைக் காணமறுக்கும் குருட்டுத்தனம். மக்கள் கூடிக் களிக்கும் உரிமை உழைக்கும் உரிமையைப் போன்றே போராடிப் பெறப்பட்டதொன்றாகும். வாடகை கட்ட வழியற்ற வீட்டிலே பியானோ வாசித்தவனும், குடியிருப்பின் பொது அறையிலே இரு தட்டுகளைச் சுழற்றியவனும், அதிகாலைத் தெருவிலே பொலிஸாரை எதிர்த்து நின்றவனும் அவ்வுரிமையின் வரலாற்றை ஆக்கியவர்கள். அவர்களுடைய ஆக்கங்களின் ஒப்பனையைப் பெற்றுக்கொண்டோர் அவர்களின் பெயரையும் சொல்லக் கடமைப்பட்டவராவர்.

மாணவரும் ஆசிரியருமான நமது வாசகர்கள் இவ்வகை இடமொன்றைப் பற்றிப் படிக்கும்போதோ அதன் இசையைக் கேட்கும்போதோ மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டுமென்பது நம் விருப்பம். இவ்வுருவத்தை முதலில் ஆக்கியவர் யார்? எந்தத் தேவை அதனை ஆக்கும்படி அவர்களைத் தூண்டிற்று? இன்று அதனால் வாழ்பவர் யார்? நாவலுக்கும் நாடகத்துக்கும் நாம் எழுப்பும் வினாக்களே இவை. இவற்றை வகுப்பறைக்கு வெளியே, மக்கள் இரவிலே கூடும் இடங்களுக்கும் கொண்டுசெல்லும் துணிவு திறனாய்வாளருக்கு வேண்டும். ஹார்லெமின் வாடகை அட்டைகளைக் குப்பையென்று தள்ளாது சேகரித்து வைத்த கவிஞர் அத்துணிவுக்கு நல்லதோர் முன்னுதாரணமாக விளங்குகின்றார்.